நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து

கீரைக் கட்டை மிதிக்காமல் உட்காருங்கள் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அகத்திக்கீரை. நசுங்கினால் அது வாய் வைக்காது, முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசுமாடுதான். ஆனால் மில்காரர் வீட்டுப் பசுமாடு.

ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். இனிமேல் ஒரு கூட்ஸ் போக வேண்டும், அது போன பிறகு எதிர்ப்பக்கம் பாசஞ்சர் வர வேண்டும். டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்துவிட்டார் என்றால் அரை மணி நேரம் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த பஸ்ஸில் போகிறவன் நான், எனக்குத் தெரியும்.

நீங்கள் கடலை சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மாட்டுக்கு எத்தனை வயிறு? நான்கா? எல்லாரும் நான்கு என்றுதான் சொல்வார்கள். வயிறு ஒன்றுதான் சார், அறை நான்கு. மூன்றாவது அறையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். நான்காவதைப் பற்றியும் கேளுங்கள். டாக்டருக்குப் படித்தவனா என்று பார்க்கிறீர்கள். இல்லை. நகராட்சி ஆட்டுத்தொட்டியில் இரவுக் காவல். ஊருக்கெல்லாம் ஆடு அறுத்துக் கொடுக்கிற இடம் இருக்கிறதே, அதுதான். பதினெட்டு வருஷம். ஊர் தூங்கும்போது நான் விழித்திருக்கிறேன். நான் விழித்திருக்கிறேன் என்று ஊருக்குத் தெரியாது. அதெல்லாம் விடுங்கள்.

தூக்கத்தை விரட்டத்தான் படிக்க ஆரம்பித்தேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகம். கால்நடை மருத்துவம். அட்டை கிடையாது, பெயர் கிடையாது, எழுதிய மகான் யாரென்று தெரியாது. முதல் நாற்பது பக்கத்தை யாரோ வடை மடிக்கக் கிழித்துவிட்டார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில், "மூன்றாவது அறையின் உட்புறம் ஏடு ஏடாக மடிந்திருக்கும்" என்று தொடங்கும். அங்கிருந்து கடைசிப் பக்கம் வரை எனக்கு மனப்பாடம். என் பேச்சைப் பார்த்தாலே தெரியுமே, நான் பேசுவது புத்தகம் படித்தவன் பேச்சு.

முதல் இரண்டு அறையா? அது கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. பெரிய நஷ்டமில்லை. நானே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். முதல் இரண்டும் கிடங்கு. தின்றதைப் போட்டு வைக்கிற இடம், அவ்வளவுதான். உண்மையான வேலை மூன்றாவதில் தொடங்குகிறது. இல்லையென்றால் புத்தகம் ஏன் அதைப் பற்றி அவ்வளவு எழுத வேண்டும்?

வீட்டுக்காரியிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். அவளும் ஆட்டுத்தொட்டியில்தான் வேலை, குடல் கழுவுகிறாள். நான் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்துக்கு அவள் வருவாள். அறுத்த ஆட்டின் முதல் அறையைக் கீறி, உள்ளே இருக்கிற பச்சையை வழித்துக் கொட்டி, அலசி அலசி வெள்ளையாக்கிக் கடைக்காரர்களுக்குக் கொடுப்பாள். இருபது வருஷமாக அதே வேலை. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் கிடங்கு என்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"கிடங்கா? யார் சொன்னா? இட்லி மாவு மாதிரி இருக்கும் அது. கையை விட்டா வெதுவெதுன்னு இருக்கும், நுரைச்சுக்கிட்டு இருக்கும். ஆடு செத்த பின்னாடியும் உள்ள ஏதோ உசுரு வேலை பாத்துக்கிட்டே இருக்கு."

படிக்காதவர்களோடு விவாதம் செய்யக் கூடாது என்று நான் விட்டுவிட்டேன்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இருந்தது என்று சொல்கிறேன், கவனியுங்கள். ஆட்டுத்தொட்டி முடிந்து, வீட்டுக்கு வந்து, சீயக்காய் தேய்த்துத் தலைக்குக் குளித்து, எட்டரைக்கெல்லாம் கோசாலையில் சாணி அள்ளப் போய்விடுவாள். மில்காரர் தெய்வநாயகம் வைத்திருக்கிற கோசாலை. இருபத்தாறு மாடு. அங்கே ஒரு நிபந்தனை. கறி, மீன் தொழிலில் இருக்கிறவர்கள் வாசல்படி மிதிக்கக் கூடாது. இவள் விடியற்காலையில் கீரை விற்பதாகச் சொல்லித்தான் சேர்ந்தாள். மாடு மேய்க்கிற வடமலைக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் வாய் திறக்காதவன்.

சம்பளம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் அங்கே போகும்போது மட்டும் தலையில் பூ வைத்துக்கொண்டு போவாள். என்னடி இது, சாணி அள்ளப் போகிறாயா, சம்பந்தம் பேசப் போகிறாயா என்று கேட்டேன். "காலையெல்லாம் செத்த வயித்தைக் கழுவறேன். உசுரோட இருக்கிற வயித்தைப் பாக்கப் போறேன், பூ வச்சா என்ன?" என்றாள். அர்த்தமில்லாத பேச்சு. இப்படித்தான் பேசுவாள்.

அந்த இருபத்தாறில் ஒன்றுதான் நான் இப்போது பார்க்கப் போகிறது. பெயர் மரகதம். மில்காரருடைய அம்மா பெயர். அந்த அம்மாள் இறந்த மாதத்தில் பிறந்த கன்று என்பதால் அம்மாவே வந்துவிட்டாள் என்று தெய்வநாயகம் முடிவு செய்துவிட்டார். அம்மா என்றுதான் கூப்பிடுவார். "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டால் வடமலை, "வைக்கோல் போட்டேங்க" என்பான். உயிரோடு இருந்த அம்மாளை அவர் எப்படி வைத்திருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். நான் புறம் பேசுகிறவனில்லை.

அந்தத் தெய்வநாயகத்துக்கு அறுபது முடிந்தது. அறுபதாம் கல்யாணத்தைக் கோசாலையிலேயே வைத்தார். பந்தல், நாதஸ்வரம், முந்நூறு பேருக்குச் சாப்பாடு. எங்கள் இருவருக்கும் கடைசிப் பந்தியில் இடம் உண்டு என்று வடமலை சொன்னதால் நானும் தூக்கத்தை விட்டுவிட்டுப் போனேன். அங்கே போனால் புது ஏற்பாடு. வந்திருக்கிற ஒவ்வொருவரும் தன் கையால் ஓர் உருண்டை சர்க்கரைப் பொங்கலைப் பசுவுக்கு ஊட்ட வேண்டும், அது கோடிப் புண்ணியம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். நியாயமாக இருபத்தாறு மாட்டுக்கும் பிரித்து ஊட்டியிருக்கலாம். ஆனால் மற்ற மாடுகள் எலும்பும் தோலுமாக இருந்தன, போட்டோவுக்கு நன்றாக இருக்காது. மரகதம்தான் பளபளப்பாக இருந்தாள். கொம்புக்கு ஜரிகை, கழுத்துக்கு மாலை, நெற்றியில் ஒரு கை அளவு குங்குமம். ஆக, முந்நூறு பேரும் வரிசையில் நின்று ஒரே மாட்டின் வாயில் முந்நூறு உருண்டை. நெய் ஒழுக ஒழுக. சிலர் போட்டோ சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவையும் வந்தார்கள்.

நானும் இரண்டு உருண்டை ஊட்டினேன். புண்ணியம்தானே, யார் விடுவார்கள்?

இவள் என்ன செய்தாள் தெரியுமா? வரிசை பாதியில் இருக்கும்போது சாணிக் கூடையோடு கோசாலை மேனேஜரிடம் போய், போதும் நிறுத்தச் சொல்லுங்கள், வைக்கோல் திங்கிற வயிறு இவ்வளவு இனிப்பும் சோறும் தாங்காது என்றிருக்கிறாள். கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா அது? அவர், உன் வேலை பின்பக்கம் வருவதை அள்ளுவது, முன்பக்கம் போவதைப் பற்றி நீ பேசாதே என்று அனுப்பிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நானும் அவளைக் கூப்பிட்டு, படித்தவர்கள் இருக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு இரு என்று கண்டித்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மரகதம் படுத்துவிட்டாள். இடது விலா பானை மாதிரி உப்பியிருக்கிறது. பல்லைக் கடிக்கிறாள், முனகுகிறாள். அசை போடுவது நின்றுவிட்டது. தெய்வநாயகம் பட்டு வேட்டியோடு சாணியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, என்னம்மா பண்ணுது?" என்று கேட்கிறார். அம்மா என்ன சொல்லும்? கால்நடை டாக்டர் கிரிதரனுக்குப் போன் போட்டால் அவர் ஏதோ நிச்சயதார்த்தத்துக்குத் திருச்சி போயிருக்கிறார், மறுநாள் காலைதான் வர முடியும் என்கிறார். மாடு வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தெய்வநாயகம் சுற்றிலும் பார்த்தார்.

நான் முன்னால் போனேன். வேறு யார் போவார்கள்?

நாற்பத்தேழாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது சார். நான்காவது அறையில் அமிலம் சுரந்து உணவு செரிக்கிறது. செரிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அமிலம் போதவில்லை. அமிலம் எதில் இருக்கிறது? எலுமிச்சையில். சமையல்காரர்களிடம் ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் மிச்சம் இருந்தது. பன்னிரண்டு பழம் பிழிந்து, வாயைத் தூக்கிப் பிடித்துப் புட்டியில் புகட்டினேன். தெய்வநாயகம் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். முந்நூறு பேரில் பாதிப் பேர் இன்னும் போகவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பத்து நிமிஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. அடுத்த பன்னிரண்டு பழத்துக்குக் கை நீட்டினேன்.

அப்போது இவள் வந்து மாட்டின் வாயில் மூக்கை வைத்தாள். எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"மாவு புளிச்சுப் பொங்கிக் கிடக்கு. அதுல எலுமிச்சம்பழத்தைப் பிழியற. நிறுத்துய்யா."

நிறுத்துய்யா. புருஷனைப் பார்த்து. சமையல்காரர்களிடம் ஓடிப்போய் ஆப்ப சோடாவை வாங்கி வந்து, வாளித் தண்ணீரில் கரைத்து, வடமலையைப் பிடிக்கச் சொல்லிப் புகட்டிவிட்டாள். எலுமிச்சைக்கு வேலை செய்ய நேரமே கொடுக்கவில்லை சார். விட்டிருந்தால் என் வைத்தியத்திலேயே எழுந்திருக்கும். அதை இனிமேல் யாரும் நிரூபிக்க முடியாது.

சரி, ஏப்பம் வந்தது, வீக்கம் கொஞ்சம் தணிந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அசை போடவில்லை. வைக்கோலை முன்னால் போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. இவள் அதன் இடது விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"புளிப்பு அடங்கிப்போச்சு. ஆனா உள்ள வேலை பாத்துக்கிட்டிருந்த உசுரெல்லாம் செத்துப்போச்சு. அசையவே இல்ல," என்றாள். "பழைய மாவு ஒரு கரண்டி விடாம புது மாவு எப்படிப் பொங்கும்?"

வடமலை புரிந்துகொண்டான். பக்கத்து மாடு அசை போட்டுக்கொண்டிருக்கும்போது அதன் வாயில் கையை விட்டு, மென்றுகொண்டிருந்ததை வெளியே இழுத்துப் பார்த்தான். ஒரு கை அளவுகூட வரவில்லை, விரலில் கடிதான் மிச்சம். வாளிக் கணக்கில் வேண்டும் என்றாள் இவள். வாளிக் கணக்கில் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். "எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணுதானே," என்றாள். வடமலை குரலைத் தாழ்த்தினான்.

"அமராவதியக்கா, தெரிஞ்சா இங்க விட மாட்டாங்க உன்னை."

"அது செத்துப்போச்சுன்னா நான் இங்க வந்து யாரைப் பாக்கப் போறேன்?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுத்தொட்டியில் கூட்டமான நாள். அறுத்த சூட்டோடு ஆறு ஆட்டின் பச்சையை வழித்தெடுத்து, துணியில் போட்டுப் பிழிந்து, மூடி போட்ட வாளியில் பிடித்தாள். சூடு ஆறிவிட்டால் உள்ளே இருப்பது செத்துவிடுமாம், அதனால் வாளியைத் தன் பழைய சேலையால் சுற்றினாள். கோசாலை நான்கு கிலோமீட்டர். யார் சைக்கிள் மிதித்தது? நான். இரவெல்லாம் விழித்த உடம்போடு. அவள் பின்னால் வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து வந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்படிப் பிடிக்க எங்கே கற்றுக்கொண்டாளோ.

பச்சைப் பசேலென்று இருந்ததைப் பார்த்துவிட்டுத் தெய்வநாயகம், இது என்ன சாறு என்று கேட்டார். இவள் வாய் திறப்பதற்குள் வடமலை, "பச்சிலைச் சாறுங்க," என்றுவிட்டான். தெய்வநாயகம் அந்த வாளியை விழுந்து கும்பிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன் சார், என் கண்ணால் பார்த்தேன். நெற்றி தரையில் படக் கும்பிட்டார்.

புகட்டினார்கள். பத்து மணிக்கு டாக்டர் கிரிதரன் வந்தார். வாளியை முகர்ந்தார். இவளைப் பார்த்தார், இவள் கையைப் பார்த்தார், வடமலையைப் பார்த்தார். வாளியை மூடி வைத்தார். பாட்டில் மருந்து ஏற்றினார், ஊசி போட்டார். சாயங்காலம் இன்னும் ஒரு வாளி கிடைக்குமா என்று இவளிடம் மெதுவாகக் கேட்டார். அவளிடம் கேட்கிறார், என்னிடம் இல்லை. புத்தகம் படித்தவன் பக்கத்திலேயே நிற்கிறேன்.

திங்கட்கிழமை காலை மரகதம் எழுந்து நின்று, ஒரு வாய் வைக்கோல் எடுத்து, கொஞ்ச நேரம் கழித்து அசை போட்டாள். தாடை ஒரு பக்கமாகப் போய் வந்தது. இவள் சாணிக் கூடையை வைத்துக்கொண்டு அழுகிறாள். எதற்கு அழுகை? நல்லதுதானே நடந்தது.

அப்புறம் டாக்டர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். நான்தான் விடாமல் கேட்டேன். வைக்கோலைச் செரிக்கிற சக்தி மாட்டுக்கே கிடையாதாம் சார். முதல் அறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவைதான் இரவு பகலாக உட்கார்ந்து வைக்கோலை உடைக்கின்றன. மாடு திரும்பத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மென்று கொடுக்கிறது, அவ்வளவுதான் அதன் பங்கு. திடீரென்று சோறும் வெல்லமும் கொட்டினால் வேறு ஜாதி நுண்ணுயிர் பெருகி, புளித்து, பழைய வேலைக்காரர்கள் செத்துப்போகிறார்கள். ஆரோக்கியமான வயிற்றிலிருந்து புதிய ஆட்களைக் கொண்டுவந்து விட்டால்தான் பிழைக்கும். ஆட்டு வயிற்றில் இருப்பதும் ஏறக்குறைய அதே கூட்டம்தானாம். இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? அவ்வளவு வேலை செய்த அந்த நுண்ணுயிர்களை மாடு அப்படியே நான்காவது அறைக்குத் தள்ளி, அவற்றையும் செரித்துவிடுகிறதாம். வைக்கோலும் அதற்கே, வேலைக்காரனும் அதற்கே. பால் மட்டும் மாட்டின் பெயரில். நல்ல ஏற்பாடு சார். யாருக்கும் மனக்குறை இல்லாத ஏற்பாடு.

இவ்வளவும் முதல் நாற்பது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நானும் ஏறக்குறைய யூகித்துத்தான் வைத்திருந்தேன்.

என் குறைக்கு இப்போதுதான் வருகிறேன். பத்து நாள் கழித்துத் தெய்வநாயகம் ஒரு பாராட்டு விழா வைத்தார். மறுபடி பந்தல், மறுபடி மைக். டாக்டர் கிரிதரனுக்குச் சால்வை. நான் இரண்டாவது வரிசையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த சால்வை யாருக்கு என்று எனக்குத் தெரியும். டாக்டர் மைக்கைப் பிடித்து, "இதுல இன்னொரு கையும் உதவுச்சு. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அந்தக் கையை நான் கும்பிடறேன்," என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

யார் கேட்டது? நான் கேட்கவே இல்லையே.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் எழுந்தேன். வடமலை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, வேணாம்ணே," என்கிறான். பொறாமை. டாக்டர் மேடையிலிருந்து தலையை ஆட்டி, "ஏகாம்பரம், உட்காருங்க," என்கிறார். அவருக்கும் அதுதான். நான் நேரே போய் மைக்கைப் பிடித்தேன். மாட்டைக் காப்பாற்றியது பச்சிலையும் இல்லை, பாட்டில் மருந்தும் இல்லை, ஆறு ஆட்டின் வயிற்றுச் சாறு, நான் காவல் காக்கிற ஆட்டுத்தொட்டியில் பிழிந்தது, என் மேற்பார்வையில் என் வீட்டுக்காரி பிழிந்தாள், அவள் அங்கே தினமும் குடல் கழுவுகிறவள்தான் என்று விளக்கமாகச் சொன்னேன். மூன்றாவது அறையைப் பற்றியும் நான்கு வார்த்தை சொன்னேன். உண்மை உண்மைதானே.

கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. தெய்வநாயகம் எழுந்து, தொழுவத்துப் பக்கம் கூடையோடு நின்றிருந்த இவளிடம் போனார். அவர் சத்தம் போடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மரியாதையான மனுஷர்.

"தினமும் அந்தக் கையோடதான் இங்க வந்தியா?"

"கழுவிட்டுத்தாங்க வந்தேன்."

"அம்மா வயித்துக்குள்ள போச்சே அது."

"போனதாலதாங்க எந்திரிச்சாங்க."

அப்படியா பதில் சொல்வது? மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு வேளை விட்டிருப்பார். இவளுக்கு அந்த நெளிவு சுளிவு தெரியாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இவள் கூடையை இறக்கி வைத்தாள். குழாயில் கையைக் கழுவினாள். நேரே மரகதத்திடம் போய், இடது விலாவில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் மாதிரி நடிப்பு.

பிறகு தெய்வநாயகம் என்னிடம் வந்தார்.

"நீங்க அதைத் தொட்டீங்களா?"

"இல்லீங்க," என்றேன். "சத்தியமா நான் கையால தொடலீங்க."

அவர் முகம் தெளிந்தது. காவல்காரர் பாவம், கதவுக்கு வெளியேதானே நிற்கிறார், அவர் வரலாம் போகலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த அளவுக்காவது நியாயம் கிடைத்தது. சால்வை கிடைக்கவில்லை. மூன்று சால்வை வாங்கி வைத்திருந்தார்கள் சார், நான் தட்டில் பார்த்தேன். இரண்டாவது மேனேஜருக்குப் போனது. மூன்றாவது எங்கே போனது? அதைத்தான் நான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாட்டுக்குத் தீட்டுக் கழிக்க மறுநாள் பரிகாரம் செய்தார்கள். என்ன படைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சர்க்கரைப் பொங்கல். ஒரு பெரிய தாம்பாளம் நிறைய. இவள் பின்பக்க வேலி ஓரம் நின்று வடமலையிடம், ஒரு வாய் காட்டிவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிடு என்று சொல்லியிருக்கிறாள். வேலையை விட்டு நிறுத்தின இடத்தில் இவளுக்கு என்ன? வடமலையும் அப்படியே கொட்டிவிட்டானாம். நெய் எவ்வளவு வீண்.

வீட்டில் இவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சாயங்காலம் இந்த மாதிரி ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீ போய்க் குடுத்துட்டு வா. உன்னைத்தான் உள்ள விடுவாங்களே," என்றாள். அன்றிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. இப்போது அவள் கோசாலைப் பக்கம் போவதில்லை. வேலியை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். பூ வைத்துக்கொள்வதையும் விட்டுவிட்டாள். அதுவும் ஒரு வகையில் செலவு மிச்சம்.

கிளம்பும்போது ஒரு வேலை சொல்லி அனுப்புவாள். மாட்டின் விலாவில் கை வைத்துப் பார்த்து, உள்ளே எத்தனை தடவை புரளுகிறது என்று எண்ணிக்கொண்டு வர வேண்டுமாம். இரண்டு நிமிஷத்தில் மூன்று தடவை புரண்டால் நல்லதாம். எந்தப் பக்க விலா என்று எனக்கு எப்போதும் குழப்பம். திரும்பிப் போய், மூன்று என்று சொல்லிவிடுவேன். அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்ப்பாள். அப்புறம் சரி என்பாள்.

அதோ கூட்ஸ் போய்விட்டது. பாசஞ்சர் சத்தம் கேட்கிறது, பாருங்கள். கேட் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் நான் இறங்கிவிடுவேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் நாலு இடம் போகிறவர், உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் போய் நிற்பேன், துணியைப் பிரித்துக் கீரையை நீட்டுவேன். மரகதம் முதலில் கீரையை முகராது. அந்தத் துணியை முகரும். ரொம்ப நேரம் முகரும். பிறகு ஒரு வாய் கீரையை எடுத்துக்கொண்டு, மெல்லாமல் நிறுத்திவிட்டு, என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால், வாசல் பக்கம் பார்க்கும். காதை முன்னால் நீட்டிக்கொண்டு பார்க்கும். நானும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே யாரும் இருப்பதில்லை சார்.

புத்தகத்தை மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் நாற்பது பக்கத்தில் இருந்ததோ என்னவோ.